ஆறு ஏக்கர் சரிவு நிலத்துல மாடு எப்படி வெக்கிறது: ஓட்டி மேய்க்கிறதா, கட்டிப் போடுறதா, கொரங்காடா?

எங்க கொல்லை பென்னாகரம் பக்கம், கரட்டுக்கு அடியில. ஆறு ஏக்கர் சரிவு, சரளை கலந்த செம்மண்ணு, அதுக்குக் கீழ ராகி போடுற ரெண்டு ஏக்கர் சமதளம், அதையும் தாண்டுனா ஊர் ஏரி. சரிவுல எங்க தாத்தா காலத்துல சாமையும் கொள்ளும் போட்டாங்களாம், நான் பாத்த வரைக்கும் அது சும்மா மாடு மேயுற மேடுதான். இப்ப நாலு கலப்பின பசு, மூணு ஆலம்பாடி நாட்டு மாடு, பதினாலு ஆடு இருக்குது. அப்பாவுக்கு வயசு 68, தினமும் ஓட்டிட்டுப் போறது அவருதான்.

போன ஐப்பசில ஒரு நாள் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் மழை ஊத்துச்சு. நின்னதுக்கு அப்புறம் போய்ப் பாத்தா சரிவுல இருந்து தண்ணி டீ கலர்ல இறங்குது, நடுவுல முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம் அறுத்துட்டுப் போயிருக்குது. அப்பா ஒண்ணும் பேசல, அந்தத் தண்ணிய கையில அள்ளி வடிய விட்டாரு, விரல் இடுக்குல மண்ணு நின்னுச்சு. அன்னிக்கு ராத்திரிதான் இந்தப் பேச்சு ஆரம்பிச்சது. ஓசூர் கம்பெனில இருக்கிற அண்ணன் மாட்டைக் கட்டிப் போட்டு கோ-5 தீவனப்புல்லு வெட்டிப் போடலாம்னாரு, அப்பா வழக்கம்போல மேயட்டும்னாரு, நான் கொரங்காடு மாதிரி, அதாவது வேலி போட்டு உள்ள புல்லும் மரமும் வளத்து துண்டு துண்டா மாத்தி மேய்க்கிற மாதிரி, பண்ணலாம்னு சொன்னேன். ஆறு மாசமா மூணையும் கணக்குப் போட்டுப் பாத்துட்டோம், இதே மாதிரி மேட்டு நிலம் வெச்சிருக்கிறவங்க நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் நெறைய பேரு இருக்கீங்க, அதனால முழுசா எழுதுறேன்.

மொதல்ல தண்ணிக் கணக்கு, ஏன்னா எனக்கு எல்லாமே அதுல இருந்துதான் புரிஞ்சுது. ஒரு ஏக்கர்ல ஒரு மில்லிமீட்டர் மழை பேஞ்சா 4,047 லிட்டர். நம்ம பக்கம் வருசத்துக்கு சராசரியா 850 மில்லிமீட்டர் கிட்ட பேயுது, அப்படின்னா எங்க ஆறு ஏக்கர் சரிவுல மட்டும் ரெண்டு கோடி லிட்டருக்கு மேல விழுது. போர் போட்டு ஆயிரம் அடி தாண்டியும் புகைதான் வருதுன்னு ஊரு பூரா அழுதுட்டு இருக்கோம், தலைக்கு மேல விழுற ரெண்டு கோடி லிட்டர் மொட்டை மண்ணு மேல தடதடன்னு ஓடி ஏரில வண்டலைக் கொட்டிட்டுப் போகுது. மழைத்துளி நேரா மண்ணுல அடிச்சா மேல் மண்ணு நசுங்கி பப்படம் மாதிரி காஞ்சுக்கும், அதுக்கப்புறம் தண்ணி உள்ள எறங்காது. புல்லு இருந்தா துளி இலை மேல விழுந்து வேகம் கொறைஞ்சு, வேர் போன ஓட்டை வழியா உள்ள போகும். அதனால எந்த முறைய எடுத்தாலும் நான் கேக்கிற மொதக் கேள்வி, புரட்டாசி ஐப்பசி மழை வரும்போது அந்த மேடு மூடி இருக்குமா, தெறந்து கிடக்குமா?

இப்ப அப்பா முறை. காலைல பத்து மணிக்கு அவுத்து விட்டு, மேடு, கரடு, காட்டோரம்னு சுத்தி அஞ்சு மணிக்குத் திரும்புறது. செலவு கெடையாது, மாடு திடமா இருக்கும், ஆலம்பாடிக்கு இது பொறந்த வாழ்க்கை. காவேரிக்கரை ஆலம்பாடி பேருல வந்த மாடு அது, காட்டுல பட்டி போட்டு வளத்த மாடு, காஞ்ச புல்லையும் முள்ளுத் தழையையும் தின்னுட்டு கல்லு மேட்டுல ஏறும். காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம்னு தமிழ்நாட்டு மாட்டினம் சொல்லும்போது அஞ்சாவதா வர்றது நம்ம ஊரு மாடு, காரிமங்கலத்துல அதுக்குன்னு ஆராய்ச்சி மையமே வெச்சிருக்காங்க. இதை நான் கொறைச்சு சொல்லவே மாட்டேன்.

ஆனா மேய்ச்சலுக்கு அன்னிக்கு இருந்த எடம் இன்னிக்கு இல்ல. 2022 மார்ச்ல ஹைகோர்ட்டு மொதல்ல தமிழ்நாட்டுக் காடு முழுக்க மாடு மேய்க்கக் கூடாதுன்னு சொல்லி, அப்புறம் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் இதுக்கு மட்டும்னு மாத்துச்சு. அதே வருசம் நவம்பர்ல தர்மபுரி, கிருஷ்ணகிரி காடுகளைச் சேத்து காவேரி தெற்கு சரணாலயம் அறிவிச்சாங்க. அப்படின்னா காட்டோரம் ஓட்டுறவங்களுக்கு எடம் சுருங்கிப் போச்சு, மிச்சம் இருக்கிற கரட்டுல பாதிய உண்ணிச்செடி பிடிச்சுக்கிச்சு, அந்தப் புதருக்குக் கீழ புல்லு மொளைக்காது. முன்னாடி ஒரு பட்டி ஒரு பக்கம் மேஞ்சுட்டு வேற பக்கம் போயிடும், திரும்பி வர்றதுக்குள்ள புல்லு எழுந்துடும். இப்ப போறதுக்கு வேற பக்கம் இல்லாததால அதே மேட்டுல 365 நாளும் அதே மாடு. மாடு எப்பவும் இளந்தளிரைத்தான் தேடிக் கடிக்கும், நேத்து கடிச்ச தூருல இன்னிக்கு ஒரு விரக்கடை துளிர்த்தா அதையே திரும்பக் கடிக்கும், முத்தின புல்லை விட்டுடும். நல்ல புல்லு ஒண்ணொண்ணா செத்து, மாடு தொடாத செடி மட்டும் மிஞ்சுறது இப்படித்தான். எங்க மேட்டுல கொழுக்கட்டைப் புல்லு வேலி ஓரத்து முள்ளுக்குள்ள மட்டும்தான் இருக்குது, தெறந்த எடத்துல ஒரு தூரு கூட இல்ல. அப்பாகிட்ட அதைத்தான் காட்டுனேன், இது மாடு வாய் எட்டாத எடம், இங்க இருக்குதுன்னா அங்கயும் இருந்திருக்கணும்ல?

சில பேரு கோடைல கரட்டுக்கு நெருப்பு வெக்கிறாங்க, புதுப்புல்லு வரும்னு. வர்றது உண்மை, ரெண்டு வாரத்துக்கு. அதுக்கு விலையா மண்ணை மூடி இருந்த சருகு எல்லாம் போயிடும், அடுத்த கோடை மழைல அந்த சாம்பலும் மேல் மண்ணும் ஏரிக்கு வந்துடும். தயவு செஞ்சு அதை விட்டுடுங்க.

அடுத்தது அண்ணன் சொல்றது, கொட்டகைல கட்டி வெட்டிப் போடுறது. மண்ணுக்கு நல்லதுன்னு இதுக்கு பெரிய சாட்சி இருக்குது. மகாராஷ்டிரால ராலேகாண் சித்தியும் ஹிவரே பஜாரும் மானாவாரி ஊருங்கதான், ரெண்டு ஊர்லயும் தெறந்த மேய்ச்சலை ஊரே கூடி நிறுத்துனாங்க, சரிவுல அகழி வெட்டுனாங்க, புல்லை அறுத்து எடுத்துட்டுப் போய் மாட்டுக்குப் போட்டாங்க, கெணத்துல தண்ணி ஏறுச்சு. சண்டிகர் பக்கத்துல சுகோமாஜ்ரின்னு ஒரு ஊரு, 1970கள்ல அந்த மலைல இருந்து வந்த மண்ணு சுக்னா ஏரியத் தூர்த்துக்கிட்டு இருந்துச்சு, அங்க சின்ன அணை கட்டி அந்தத் தண்ணில ஊர்க்காரங்களுக்குப் பங்கு குடுத்ததும் வேலியே போடாம அவங்களே மேய்ச்சலை நிறுத்திட்டாங்க. மேட்டைக் காப்பாத்துனா கீழ எனக்குத் தண்ணின்னு கண்ணால பாத்தா யாரும் சொல்லித் தர வேண்டியது இல்ல, எனக்கு ரொம்ப பிடிச்ச கதை இது.

இப்ப எங்க வீட்டுக் கணக்கு. கோ-5 கம்பு நேப்பியர் ஒரு ஹெக்டேருக்கு வருசம் 360 டன் வரும்னு கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் சொல்லுது. ஏக்கருக்கு 145 டன் வருது, அரை ஏக்கருக்கு 70 டன்னுக்கு மேல. எங்க மண்ணுக்கும் எங்க வேலைக்கும் அதுல பாதின்னு வெச்சா கூட வருசம் 35 டன், நாளைக்கு 95 கிலோ. ஒரு கறவை மாட்டுக்கு 25 கிலோன்னா நாலு மாட்டுக்கு வரும். மொத வெட்டு 75, 80 நாள்ல, அப்புறம் 45 நாளைக்கு ஒருக்கா. இதை வெறுமனே தனியாப் போடக்கூடாது, கூட வேலிமசாலோ அகத்தியோ தட்டைப்பயறோ கலந்து, ராகித்தாளும் சேத்துப் போடணும்.

மாட்டிக்கிறது தண்ணில. அரை ஏக்கருக்கு ஒரு தண்ணி கட்ட, அஞ்சு சென்டிமீட்டர் நிக்கிற மாதிரி பாத்தா, ஒரு லட்சம் லிட்டர். பத்து நாளைக்கு ஒரு தண்ணின்னா தை கடைசில இருந்து வைகாசி வரைக்கும் மழை இல்லாத மாசத்துக்கு மட்டும் பத்துப் பன்னெண்டு லட்சம் லிட்டர். எங்க போர் சித்திரைல ஒரு மணி நேரம் ஓடி மூணு மணி நேரம் ஓய்வு எடுக்குது. ஆழமா போனா கெடைக்கும்னு சொல்றவங்க ஒண்ணை நெனைச்சுப் பாக்கணும், நம்ம மாவட்டத்துல நிலத்தடித் தண்ணில ஃப்ளோரைடு ஜாஸ்தி, ஹொகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்ததே அதுக்காகத்தான், 2013ல தெறந்தாங்க. மனுசனுக்கு குழாய்ல காவேரித் தண்ணி வருது, மாடு இன்னும் போர் தண்ணிதான் குடிக்குது, அதே ஃப்ளோரைடு மாட்டுப் பல்லையும் எலும்பையும் கூட கெடுக்கும்.

இன்னொரு விசயமும் அண்ணன் யோசிக்கல. மாட்டைக் கட்டிப் போட்டா மேடு என்ன ஆகும்? ஒரு வருசம், ரெண்டு வருசம் சூப்பரா புல்லு வரும், யாராவது அறுத்து எடுக்கணும். அறுக்கலைன்னா காஞ்ச புல்லு நின்னு நின்னு அடில வெளிச்சம் போகாம புதுத் துளிரு கொறையும், உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் உள்ள வரும், கோடைல ஒரு பீடித் துண்டு போதும். அறுக்குறதுக்கு ஆளு? அம்மா இடுப்பு வலியோட ஒரு கட்டு அறுத்துட்டு வர்றதை நான் பாத்திருக்கேன். இந்த முறைல வேலை எல்லாம் வீட்டுப் பொம்பளைங்க தலைல போய் விழுது, வெட்டுறது, சுமக்குறது, சாணி வாருறது, தண்ணி காட்டுறதுன்னு, இதை யாரும் கணக்குல எழுதுறது இல்ல. வத்தாத கெணறு இருக்கு, சமதள நிலம் இருக்கு, கூட ரெண்டு ஆளு இருக்காங்கன்னா கண்ணை மூடிட்டு கொட்டகைக்குப் போங்க. எங்களுக்கு மூணுல ஒண்ணுதான் இருக்குது.

மூணாவது கொரங்காடு. இது நான் கண்டுபிடிச்சது இல்ல, காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் தலைமுறை தலைமுறையா இருக்கிறது. நம்மளை விட மழை கொறைஞ்ச சீமை அது. சொந்த நிலத்துல நாலு பக்கமும் கிளுவைச் செடியை நட்டு வளத்த உயிர்வேலி, உள்ள கொழுக்கட்டைப் புல்லு, அங்கங்க வெள்வேல மரம். வெள்வேலு நெழலும் குடுக்கும், காயும் ஆடு மாட்டுக்குத் தீனி. பல துண்டா பிரிச்சு வெச்சு ஒண்ணுல மேய விட்டு அடுத்ததுக்கு மாத்துவாங்க. காங்கேயம் மாடு அந்தத் திடத்தோட இருக்கிறதுக்கு இந்தக் காடும் ஒரு காரணம்.

இது ஏன் வேலை செய்யுதுன்னா வேரு. அமெரிக்கால கிரைடர்னு ஒருத்தரு 1955ல வெளியிட்ட ஆராய்ச்சி ஒண்ணு இருக்குது, புல்லோட இலைய எவ்வளவு வெட்டுனா வேர் வளர்ச்சி எவ்வளவு நிக்குதுன்னு பாத்தாரு. பாதி இலை வரைக்கும் வெட்டுனா வேருக்குப் பெரிசா ஒண்ணும் ஆகல, 60 சதவீதம் வெட்டுனா வேர்ல பாதி நின்னுடுது, 80 சதவீதம் வெட்டுனா 12 நாளைக்கு ஒரு வேரும் வளரல. இதைப் படிச்சப்போ எங்க மேட்டு மேல எனக்கு அவ்வளவு பாவமா இருந்துச்சு, அங்க இருக்கிற தூருங்க வருசம் பூரா அந்த 80க்கு மேலதான் கடிபட்டுட்டு இருக்குதுங்க, வேரு போகவே இல்லைன்னா தண்ணி எது வழியா எறங்கும்? பாதி மாட்டுக்கு, பாதி மண்ணுக்குன்னு விட்டா போதும், மாட்டை அடுத்த துண்டுக்கு மாத்துறது அதுக்காகத்தான்.

இங்க ஒரு எச்சரிக்கை. அண்ணன் எனக்கு ஜிம்பாப்வேக்காரரு ஆலன் சேவரி 2013ல பேசுன வீடியோ அனுப்புனாரு, மாட்டை நெருக்கமா கூட்டமா விட்டு வேகமா எடம் மாத்துனா பாலைவனமும் பச்சையாகும்னு. கேக்க நல்லாத்தான் இருக்குது, ஆனா மேய்ச்சல் நில ஆராய்ச்சி பண்றவங்கள்ல பல பேரு அதை ஒத்துக்கல. சோதனை வெச்சுப் பாத்ததுல, எப்படி எடம் மாத்துறோம்ங்கிறதை விட புல்லுக்குத் தகுந்த எண்ணிக்கைல மாடு இருக்குதாங்கிறதுதான் பெரிசா நிக்குது. துண்டு போடுறதால மட்டும் ரெண்டு மடங்கு மாடு வெக்கலாம்னு நெனைச்சா மோசம் போயிடுவோம்.

அதனால எண்ணிக்கைக் கணக்கு, எங்களுக்கு வலிச்ச கணக்கு. நல்லா புல்லு பிடிச்ச பிறகு எங்க சரளை மேட்டுல ஏக்கருக்கு ஒன்றரை டன் காஞ்ச புல்லுன்னு வெச்சேன், இது என் மதிப்புதான், பல்கலைக்கழகம் சொல்றதுல பாதி கூட இல்ல. ஆறு ஏக்கருக்கு ஒன்பது டன், பாதி மண்ணுக்கு விட்டா நாலரை. ஆலம்பாடி மாதிரி சின்ன மாடு ஒண்ணு நாளைக்கு ஆறரை கிலோ காஞ்ச தீனின்னா வருசத்துக்கு 2,370 கிலோ. அப்படின்னா அந்த மேடு தாங்குறது ரெண்டே மாடு! கீழ ராகித்தாள் ரெண்டு மூணு டன் வரும், அதைச் சேத்தா மூணு. ஆடு, மரத்தழைய நம்பி நாலு. நாங்க வெச்சிருக்கிறது ஏழு மாடு, பதினாலு ஆடு. அப்பா இந்தக் கணக்கை ரெண்டு தடவை போடச் சொன்னாரு. அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு "அப்ப இவ்வளவு நாளும் மேட்டையே தின்னுட்டு இருந்திருக்குதுங்க"ன்னாரு.

கொரங்காட்டுல கொறையும் இருக்குது, மறைக்க மாட்டேன். கிளுவைப் போத்து நட்டு அது ஆடு நுழையாத வேலியா ஆக நாலஞ்சு வருசம் ஆகும். மொத ரெண்டு வருசம் மாட்டை உள்ளயே விட முடியாது. பால் கொறையும், கலப்பின மாட்டுக்கு இந்தப் புல்லு மட்டும் பத்தாது. பால் சொசைட்டிக்கு ஊத்தி மாசா மாசம் அந்தக் காசுல ஓடுற குடும்பத்துக்கு இதை நான் சொல்லவே மாட்டேன்.

வேலி பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். கல்லு நம்ம ஊர்ல நெறைய கெடக்குது, சம மட்டத்துல கல்கட்டு போட்டா அதுவே வேலி, அதுவே வரப்பு, தண்ணியையும் நிறுத்தும். உள் துண்டுக்கு சோலார் வேலி போடலாம், அதுக்குன்னு விக்கிற பேட்டரி மிசினுல விட்டு விட்டு வர்ற அதிர்ச்சி மட்டும்தான். வீட்டு லைன்ல இருந்தோ மோட்டார் லைன்ல இருந்தோ ஒயர் இழுக்கவே கூடாது. 2023 மார்ச்ல மாரண்டஅள்ளி பக்கம் அப்படி இழுத்த வேலில மூணு யானை செத்துச்சு, ரெண்டு குட்டி தாயைச் சுத்திட்டு நின்னதை நாம எல்லாரும் பாத்தோம். அந்த வேலி நாளைக்கு நம்ம வீட்டுப் புள்ளையையும் பிடிக்கும்.

மாமரம் வெக்கலாமேன்னு மாமா கேட்டாரு. கிருஷ்ணகிரி பக்கத்து ஆளு, அவருக்கு எல்லா மேடும் மாந்தோப்புதான். மரம் வெக்கிறதுல தப்பில்ல, ஆனா வருசா வருசம் தோப்பை உழுது மொட்டையா வெச்சா சரிவுல மண்ணு போறது போயிட்டேதான் இருக்கும், 2025ல கிளிமூக்கு மாங்காய்க்கு கெடைச்ச விலைய அவரே சொல்லி சொல்லி வேதனைப்பட்டாரு. தைலமரம் வேண்டவே வேண்டாம், அதைப் பத்திப் பேசவும் இல்ல.

கடைசில நாங்க எடுத்தது ரெண்டும் கலந்தது. மேட்டை கொரங்காடு ஆக்குறது, கீழ ராகி நிலத்துல ஏரி ஓரமா இருக்கிற அரை ஏக்கர்ல மட்டும் கோ-5. இந்த அரை ஏக்கருக்கு பன்னெண்டு லட்சம் லிட்டர் வேணும்னு சொன்னேன்ல, மேட்டுல விழுற ரெண்டு கோடில பத்துல ஒரு பங்கு கூடுதலா உள்ள எறங்குனாலே இருபது லட்சம். எறங்குறது எல்லாம் எங்க போருக்கே வந்துடாது, பாறை எந்தப் பக்கம் வெடிச்சிருக்குதோ அந்தப் பக்கம் போகும், கொஞ்சம் ஏரிக்கு, கொஞ்சம் பக்கத்துக் கொல்லைக் கெணத்துக்கு. போகட்டும், அதுவும் நம்ம ஊரு தண்ணிதான். மேடு இல்லாம கோ-5 மட்டும் வெச்சா நாம எடுக்கிறவங்க மட்டும்தான், மேட்டையும் சேத்துப் பாத்தா கொஞ்சமாவது திருப்பிக் குடுக்கிறவங்க.

மேட்டை அஞ்சு துண்டா பிரிக்கிறோம். ஆடி மழைக்கு மொத மூணு துண்டுல கொழுக்கட்டைப் புல்லு மூணு பங்கு, முயல்மசால்ங்கிற பயறு வகைத் தீவனச் செடி ஒரு பங்கு கலந்து வெதைக்கிறது. முயல்மசால் வெதை தோல் கெட்டி, 80 டிகிரி சுடுதண்ணில நாலு நிமிசம் போட்டு எடுத்து ராத்திரி பூரா பச்சைத் தண்ணில ஊற வெச்சு வெதைக்கணும், இல்லைன்னா பாதி மொளைக்காது. பள்ளம் அறுத்த எடத்துல குறுக்க கல்லடுக்கி கரைல வெட்டிவேர். புல்லு பிடிச்ச பிறகு மழைக்காலத்துல ஒரு துண்டுல ஆறேழு நாள், திரும்ப அதே துண்டுக்கு வர ஒரு மாசம். கோடைல புல்லு வளராது, அதனால அப்ப நாள் கணக்கு செல்லாது, பாதி கடிச்சுதான்னு கண்ணால பாத்து வெளிய எடுத்து தாளுக்கும் கோ-5க்கும் மாத்திடணும். ஒவ்வொரு வருசமும் ஒரு துண்டை தை வரைக்கும் தொடாம விட்டு வெதை உதிர விடணும், அடுத்த வருசம் வேற துண்டு.

ஆலம்பாடி மூணும் இருக்கும், அதுல அப்பா யாரு பேச்சையும் கேக்க மாட்டாரு, எனக்கும் அதான் வேணும். கலப்பினத்துல ரெண்டு இருக்கும், அது கோ-5 கணக்கு. மீதி ரெண்டுல ஒண்ணு சினையா இருக்குது, ஈன்ற பிறகு பாக்கலாம்னு இருக்கோம். இன்னொண்ணையும் பத்து ஆட்டையும் குடுத்துடுறதுன்னு முடிவாச்சு. வர்ற செவ்வாய்க்கிழமை காரிமங்கலம் சந்தைக்கு அப்பாவும் நானும் போறோம், அவரு நேத்தே கயிறு மாத்திட்டாரு.